நோயில்லாதவர் எண் நான்கு

திங்கட்கிழமை காலை திரவ நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்தேன். வெண்புகை விலகியதும் உன் கையெழுத்து தெரிந்தது. 'நோயில்லாதவர் – 4'. விரல் நீளம்கூட இல்லாத குழாய். அதற்குள் உறைந்திருப்பவை உன் இரத்தத்தின் வெள்ளணுக்கள். மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். நீ போய் ஒன்பது மாதமாகிறது.

நோயெதிர்ப்பு ஆய்வுக்குப் பல துறைக்காரர்களைச் சேர்த்துப் பயிற்சி தரப் போகிறோம் என்று நம் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். நீ யாழ்ப்பாணத்துக்காரி, மிருக வைத்தியம் படித்தவள். நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து புள்ளிவிபரவியல் படித்தவள். என் வேலையை நீயும் உன் வேலையை நானும் ஒரு மாதம் செய்ய வேண்டும் என்பது விதி. எனக்கு நீ வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. "எங்க தோட்டத்துல கணக்கப்பிள்ளைன்னா ஆள அதட்டி வேல வாங்குறவன், அந்தப் பேரச் சொன்னா சண்டைக்கே வருவாங்க" என்று சொல்லியும் நீ விடவில்லை.

டெங்கு நோயாளிகளின் அணுக்களோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் இரத்தம் தேவைப்பட்டது. ஆய்வுகூட வழக்கப்படி நாமே கையை நீட்டினோம். பெயர் போடக்கூடாது, எண் மட்டும். ஊசிக்குப் பயந்து நான் பின்னால் நிற்க, நீ போய் உட்கார்ந்தாய்.

பிறகுதான் நான் அந்தக் கூத்தைச் செய்தேன். அணுக்களின் எதிர்ப்பு வேகத்தைக் காட்டும் வரைபடத்தில் மற்றப் புள்ளிகள் கூடி நிற்க, நான்காம் எண் மட்டும் எங்கோ உயரத்தில் நின்றது. அளவீட்டுப் பிழை என்று முடிவுகட்டி அழித்துவிட்டேன். நீ திரையை எட்டிப் பார்த்தாய்.

"என்னை எங்க?"

"உன்னையா?"

"நாலாம் நம்பர் நான்தானப்பா. சின்னனில இருந்து மாடுகளோட நிண்ட உடம்பு, கொஞ்சம் சண்டைக்காரிதான். அதுக்காக ஆளையே அழிச்சுப்போடுவீரோ?"

"மன்னிச்சிரு, மெஷின் கோளாறுன்னு நெனச்சேன்."

"அழிக்க முதல் ஆரெண்டு கேளும்."

அன்று குண்டசாலை பஸ்ஸில் போகும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அதே வீதியில், ஒரு மழைநாளில், நீ வந்த ஆட்டோ லொறியில் மோதியது. வீட்டார் உன்னை யாழ்ப்பாணம் கொண்டுபோய்விட்டார்கள். உன் கதிரையில் யாரும் உட்காராதபடி இன்னும் என் பையை வைக்கிறேன். உன் வாயால் ஒருதரம் கணக்கப்பிள்ளை என்று கேட்டால் போதும் என்றிருக்கிறது.

ஆய்வு முடிய இன்னும் ஓர் ஒப்பீடு வேண்டும். குழாயை உருக்கினால் உன்னில் உயிரோடிருக்கும் கடைசித் துளியும் தீர்ந்துவிடும். உருக்காவிட்டால் நீ தொடங்கிய வேலை அரைகுறையாய்க் கிடக்கும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். "பாவிக்கத்தானே தந்தனான், வைச்சுக் கும்பிடவோ?" என்று நீ கேட்டிருப்பாய்.

நேற்று முன்தினம் உருக்கினேன். இளஞ்சூட்டு நீரில் இரண்டே நிமிடம். அணுக்களை உறையவைக்கச் சேர்க்கும் திரவத்தின் பூண்டு வாடை எழுந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன், அணுக்கள் உயிரோடிருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்று முடிவுகள் வந்தன. எந்தப் புள்ளி விலகி நின்றாலும் ஆரென்று கேட்கும் பழக்கம் எனக்கு இப்போது வந்துவிட்டது. இன்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாப் புள்ளிகளும் கீழே கூடி நிற்க, ஒன்று மட்டும் பழையபடி உயரத்தில் தனியாக நின்றது. கணினி அதைச் சிவப்பில் காட்டி, நீக்கவா என்று கேட்டது.

வேண்டாம் என்று அழுத்தினேன்.