பக்கத்து வீட்டில் எரிந்த பல்பு

சனி இரவு, அஜக்ஸ், கனடா

உறைமழையில் கம்பி அறுந்து நேற்றிலிருந்து தெருவுக்கே கரண்ட் இல்லை. பின்னேரம் ஜெனரேற்றர் வயரை உடுப்பு ட்ரையருக்கான சுவர்ப் பிளக்கில் குத்தி வீட்டுக்குக் கரண்ட் எடுத்தேன். அதற்கு முதல் மெயின் சுவிச்சை நிறுத்த வேண்டும். மறந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பல்பும் மங்கலாக எரிந்தது. அந்த வீட்டு அன்ரி வாசலுக்கு ஓடி வந்தார்.

"கொம்பனி தராட்டி என்ன அன்ரி, நான் தாறன் கரண்ட்!" என்று கத்தினேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகிறது என்று அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

தெருமுனையில் அலறல் கேட்டது. கரண்ட் இல்லாத கம்பி என்று நம்பித் திருத்திக்கொண்டிருந்த கரண்ட் கொம்பனி மனுசன். ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினேன். அவரை அம்புலன்ஸில் கொண்டு போனார்கள். பிழைப்பாரா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவரோடு வந்தவர் வீடு வீடாக ஏறி, ஜெனரேற்றர் போட்டது யார் என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அன்ரி என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மனைவியிடம் சொன்னேன். "ராணி, அந்த மனுசனுக்கு அடிச்சது என்ர கரண்ட்."

"உதிலையும் பகிடியோ? வெக்கமாயில்லையே உங்களுக்கு?" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

அவளில் பிழையில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளை இப்படித்தானே பொய் சொல்லிப் பேய்க்காட்டிச் சிரிக்கிறேன்.

கடவுளே, அந்த மனுசன் கண் முழிக்க வேண்டும்.

மெழுகுதிரி முடியப் போகிறது. விடிந்ததும் பொலிசுக்குப் போய், என் பகிடி தெரியாத ஆட்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் நம்புவார்கள்.