கடைசியாக விளக்கு வைக்கும் வீடு

மதினி,

நேற்று வலது கைப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டேன். தீக்குச்சிதான். முழுக்குச்சிகூட இல்லை, நீங்கள் பிளந்து வைத்துவிட்டுப் போன அரைக்குச்சி. மருந்து கருகிய வாடை இன்னும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகர்ந்தால் அடுப்படியில் நீங்கள் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத விலாசம் என்று தெரியும். பட்டாளத்திலிருக்கும் அண்ணனுக்கு எழுதுகிற கடிதத்துக்கே பதில் வருவதில்லை. இதற்குப் பதில் வந்தால் நான் பயந்து ஓடிவிடுவேன்.

யுத்தம் வந்து தீப்பெட்டி விலை ஏறியதும், அண்ணன் விட்டுப்போன சவரப் பிளேடை எடுத்து ஒவ்வொரு குச்சியையும் தலையிலிருந்து கால்வரை நெடுக்காகப் பிளக்க ஆரம்பித்தீர்கள். மருந்து உதிராது, குச்சி ஒடியாது.

"ஒரு பெட்டி வாங்கினா ரெண்டு பெட்டி, கொழுந்தனாரே."

"அப்ப என்னையும் ரெண்டாப் பொளந்துடுங்க மதினி. ஒண்ணு பள்ளிக்கூடம் போகட்டும், ஒண்ணு தூங்கட்டும்."

"பொளந்தா ரெண்டும்ல தூங்கும்!"

பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று சுருக்குப்பைகள் வைத்திருந்தீர்கள். ஒன்று வாடகைக்கு, ஒன்று ரேஷனுக்கு, மூன்றாவது ஆத்திர அவசரத்துக்கு. "அந்த ஆத்திரப் பையைக் கொஞ்சம் குடுங்க, எனக்கு ஆத்திரமா வருது" என்று நான் கேட்கும்போதெல்லாம் கரண்டிக் காம்பு என் முட்டியைத் தேடி வரும்.

ஆனால் விளக்கு விஷயத்தில் எனக்கு நிஜமாகவே ஆத்திரம்தான். தெற்குவாசலில் வைக்கோல் விற்றுவிட்டு அவனியாபுரம் திரும்பும் வண்டிகளின் மணிச்சத்தம் ஓய்வதற்குள் நம் சந்தில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்துவிடுவார்கள். நம் வீடு மட்டும் இருட்டாகக் கிடக்கும். சந்துப் பையன்கள் நமக்கு 'அமாவாசை வீடு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

"மண்ணெண்ணெய்ல எண்ணெய் எம்புட்டு, மண்ணு எம்புட்டுன்னு நிறுத்துப் பாக்குறீகளா மதினி? விளக்கை வைங்க, படிக்கணும்."

"நீ படிக்கிற படிப்புக்கு மின்மினிப் பூச்சி போதும். இன்னும் கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். வாசல் இருட்டில் ஒளிந்து நின்று, போகிறவர் வருகிறவர் காதில் பூனை மாதிரிக் கத்தினேன். அப்படி ஒருநாள் கத்தியபோது அலறியவர் எதிர்வீட்டு அத்தை. அலறியவர் வைய மறந்துவிட்டார். முந்தானையைப் பிசைந்துகொண்டே நின்றார். நீங்கள் வெளியே வந்தீர்கள்.

"என்னக்கா?"

"அவருக்கு மில்லுல கையில அடி. வைத்தியர் கட்டுப் போடக் காசு கேக்குறாரு. எல்லா வீட்டுலயும் விளக்கு வச்சுட்டாக..."

"நான் இன்னும் வைக்கலக்கா. உள்ள வாங்க."

ஆத்திர அவசரப் பை திறந்து மூடியது. அத்தை தெரு தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அரைக்குச்சியைக் கிழித்து விளக்கை வைத்தீர்கள்.

விளக்கு வைத்தபின் காசு வாசல் தாண்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது நம் சந்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் கேட்பதே தப்பு. ஆனால் அடியும் காய்ச்சலும் பிரசவ வலியும் பொழுது பார்த்தா வருகின்றன? அப்படி வரப்போகும் யாரோ ஒருவருக்காகத்தான் தினமும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"அப்ப நாம கஞ்சத்தனத்துக்கு இருட்டுல உக்காரலையா?"

"அதுவும்தான். எண்ணெயும் மிச்சம்."

"விளக்கு வச்ச பெறகு யாராச்சும் வந்தா?"

"குடுக்க மாட்டேன். நானும் உங்க ஊர்லதான குடியிருக்கேன்? அதனாலதான் வைக்கிறதில்ல."

விளக்கு வைக்கச் சொன்னால் விளக்கம் வைக்கிறீர்களே என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தக் கார்த்திகை மழையில் உங்களுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. வெறும் சளி என்றீர்கள். ஆனையூரில் உங்கள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பக்கூட விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டாக்டரைக் கூட்டி வந்தேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டில் மாத்திரை எழுதினார். "இது இப்பவே உள்ளே போகணும். விடிஞ்சதும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு" என்றார்.

அந்த மாத்திரை ஒரே கடையில்தான் இருந்தது. கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "கடனெல்லாம் ஆகாது தம்பி. யுத்த காலம். கைல காசு, கைல மாத்திரை."

ஓடி வந்து டப்பாவைத் திறந்தேன். அண்ணனின் மணியார்டர் அந்த மாதம் வரவில்லை. வாடகை போய்விட்டது, ரேஷனும் வாங்கியாகிவிட்டது. ஆத்திர அவசரப் பையைக் கவிழ்த்தால் நூல்தான் விழுந்தது. அந்த வாரம் அதில் இருந்த அம்புட்டையும் வாங்கிப் போயிருந்தது எதிர்வீடும் மூலைவீடும்.

வெளியே வந்தேன். சந்து முழுக்க விளக்கு. அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததே இல்லை, அவ்வளவு வெறுத்ததும் இல்லை.

எதிர்வீட்டில் கேட்டேன். நம் காசைத்தான் திருப்பிக் கேட்டேன்.

அத்தை அழுதுவிட்டார். "தரமாட்டேன்னா சொல்லுறேன்? இப்பத்தானப்பா விளக்கு வச்சேன். வெள்ளிக்கிழமை வேற. பிள்ளை குட்டி இருக்கிற வீடு. விடியட்டும், நானே கொண்டாந்து தாரேன்."

மூலைவீட்டிலும் அதே பேச்சு. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில். யாரும் கதவைச் சாத்தவில்லை. வையவில்லை. ஒருத்தர் கஷாயம் போட்டுத் தருவதாகச் சொன்னார், ஒருத்தர் திருநீறு கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் சந்திலேயே இருட்டாக இருந்தது நம் வீடு ஒன்றுதான். அந்நேரம் கொடுக்கலாம் என்றிருந்த வீடும் அது ஒன்றுதான். கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

உள்ளே வந்தபோது திணறலுக்கு நடுவே கேட்டீர்கள்: "விளக்கு வச்சிட்டியா?"

"இல்ல மதினி."

"இன்னும் கொஞ்சம் பொறு."

அதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை. பொறுத்தேன் மதினி. நீங்கள்தான் விடியும்வரை பொறுக்கவில்லை.

விடிந்ததும் சொன்னபடி எல்லோரும் வந்தார்கள். எதிர்வீட்டு அத்தை முதலில். முடிச்சை அவிழ்த்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் உங்களைப் பார்த்து அடித்துக்கொண்டு அழுதார். டப்பாவில் பைகள் நிறைந்தன. பச்சை மூங்கிலுக்கும் கோடித் துணிக்கும் பறைக்கும் தாராளமாகப் போதுமான காசு. மாத்திரை உங்களைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் நான் கேட்கவும் இல்லை. ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவார்.

இப்போது மில்லுக்குப் போகிறேன். உங்கள் பைகள் நேற்றுவரை அப்படியே இருந்தன. ஆத்திர அவசரப் பையைத் தொட்டதே இல்லை. கேலி பேசுவதை மட்டும் விடவில்லை. விட்டால் அழவேண்டி வரும்.

நேற்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து சிம்னியைக் கழற்றி வைத்துவிட்டு அரைக்குச்சியைக் கிழித்தேன். அந்த வெளிச்சத்தில் வாசலைப் பார்த்தால் எதிர்வீட்டு அத்தை தெருவைத் தாண்டி வருகிறார். முந்தானையைப் பிசைந்துகொண்டே வந்தார். அவர் மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று காதில் விழுந்திருந்தது. எதற்கு வருகிறார் என்று கேட்கவே வேண்டாம்.

திரிக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு விரல்கடை. தொட்டால் போதும். நான் வாயைத் திறக்க வேண்டாம், இல்லை என்று சொல்ல வேண்டாம், விளக்கே சொல்லிவிடும். நான் செய்த குறும்புகளிலேயே பெரிய குறும்பாக இருந்திருக்கும், மதினி. செய்யத்தான் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன்.

அத்தை வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"விளக்கு... வச்சிட்டியாப்பா?"

அரைக்குச்சி ரொம்ப நேரம் எரியாது. விரலில் வந்து முடிந்தது. இருட்டிவிட்டது.

"இன்னும் வைக்கல அத்தை. உள்ள வாங்க."

ஆத்திர அவசரப் பையை அப்படியே கொடுத்தேன். யார் முகத்தையும் யாரும் பார்க்கவேண்டியிராத இருட்டு. நீங்கள் அதற்கும் சேர்த்துத்தான் வீட்டை இருட்டாக வைத்திருந்தீர்களா?

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை. காலையில் அவர் மகன் கஞ்சி குடித்தானாம். அதைக் கேட்டபோது சந்தோஷமும் வந்தது, கூடவே உங்களை நினைத்து வயிறும் எரிந்தது.

அத்தை போனபின், குச்சியின் இன்னொரு பாதியை எடுத்தேன். கிழிக்க மனசு வரவில்லை. பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன். மூலைவீட்டில் ஏதோ இருமல் சத்தம் கேட்டது. நேற்று நம் வீட்டில் விளக்கே வைக்கவில்லை, மதினி.