மூன்றாம் சுற்று

ஆடி 4, திங்கள். விடாத மழை. வாய்க்கால் தூர்வார மூன்று நாளாக எஸ்டேட் பவர் ஹவுஸ் நிறுத்தம். பெரிய டைனமோவின் மூன்று கம்பிச் சுற்றுகளிலும் காப்பு உறை மின்சாரம் கசியவிடுகிறதா என்று சோதித்தேன். சோதனைப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் முள் ஏற வேண்டும். முதல் இரண்டு சுற்றும் சுமார். மூன்றாம் சுற்றில் முள் எழவே இல்லை.

துணி காயவில்லை. வீட்டுக்காரி செல்லம்மாவுக்கு இருமல்.

ஆடி 5. டைனமோவைத் தார்ப்பாயால் மூடி, ஈரம் காய உள்ளே கரி அடுப்பு, பகல் முழுதும். சூட்டில் முள் முதலில் இறங்கும், பிறகு ஏறும். முதல் இரண்டு சுற்றிலும் ஏறியது. மூன்றாவதில் இல்லை. ஆக ஈரம் அல்ல, வயசு. மூடியைக் கழற்றி, கம்பியின் உறையை நகத்தால் சுரண்டினேன். அரக்கு கருகி, அப்பிரகம் செதில் செதிலாக உதிர்ந்தது. மரச்சுத்தியால் தட்டினால் பொக்கைச் சத்தம்.

எஸ்டேட் மானேஜர் துரையிடம் சொன்னேன். பார்க்கக்கூட வரவில்லை. கிளார்க்கு வந்தார்.

"ஓய், ஓடினா தானா காயுமாம். 'நல்ல நிலை'ன்னு எழுதி ஒப்பு வையும்."

"வைக்க மாட்டேன்."

"வேலை போயிரும்வே."

புத்தகத்தில் எழுதினேன்: மூன்றாம் சுற்றின் காப்பு கிழடாகிவிட்டது. ஓட்டக் கூடாது. அதன் கீழே ஒப்பு.

ஆடி 6. நாளை வேறு ஆளை வைத்து ஓட்டுவார்களாம். எண்ணெய் விடுகிற மாடசாமி அதன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மூன்று பிள்ளைகள் அவனுக்கு. நேரே துரை பங்களாவுக்குப் போனேன். குடை இல்லை. சின்ன டைனமோவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் ஏற்றிப் பார்ப்போம், தாங்கினால் அன்றே எஸ்டேட் வீட்டைக் காலி செய்கிறேன் என்றேன். துரை சிரித்தான். சம்மதம்.

ஆடி 7. எல்லோரையும் சுவருக்கு வெளியே நிறுத்தினேன். துரையையும். பாதி வோல்ட்டுக்கே படார். நீலப் பொறி, கருகல் நாற்றம்.

மாடசாமி: "அண்ணாச்சி, நான் நிக்கிற எடம்லா அது!"

துரை குடையை விரித்துப் பங்களாவுக்கு நடந்தான்.

ஆடி 8. தூறல். நான் எழுதிய தாள் புத்தகத்தில் இல்லை. கிழித்திருக்கிறார்கள். கிளார்க்கு புதிதாக ஒன்று எழுதி நீட்டினார். பிட்டர், அதாவது நான், சோதித்ததில் டைனமோ கெட்டதாம். ஒப்பு வைக்க வேண்டுமாம். அதன் பின்பக்கத்தில் பழையதை எழுத்துப் பிசகாமல் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

செல்லம்மாவிடம் சொன்னேன். வேலை போகும், மலையை விட்டுப் போடிக்கு இறங்க வேண்டி வரும்.

"எறங்குவோம். பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டு இங்க இருக்கணுமாக்கும்?" சாமான் கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஆடி 10. மழை இல்லை. கருகிய சுற்றைப் பிரித்துக் கட்ட, என்னை விட்டால் இந்த மலையில் வேறு ஆள் கிடையாது. கிளார்க்கு வாசலில்.

"துரை கூப்பிடுதாரு. வாரும்."

"என் தாளைப் புத்தகத்துல ஒட்டி, கீழ துரை ஒப்பு வைக்கட்டும். வாரேன்."

போனார். மூன்று மணி நேரம். புத்தகம் வந்தது. ஒட்டிய பசை ஈரம். துரையின் ஒப்பு, கோணலாக. இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.