ஓர் அடி நீள வைக்கோல் லாரி

மார்ச் 2

வைக்கோல் கிடங்கின் வாயிலைக் காக்கும் பேரரசியும், தினம் நாற்பது லாரிகளுக்குக் கேட் பாஸ் எழுதும் வீராங்கனையும், என் அக்காள் பெற்ற ஒரே செல்வமுமான மருமகளுக்கு, பல் செட் சக்கரவர்த்தி மாமா எழுதிக்கொள்வது.

இவ்விடம் நலம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கிவிட்டது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் புளுகினால் அடுத்த மூச்சில் பிடித்துவிடுகிறாய். தபாலில் என் புளுகுக்கு ஒரு வாரம் ஆயுள்.

நீ அனுப்பிய வைக்கோல் மூட்டை வந்தது. மூன்று வருடத்துக்கு முன் மாப்பிள்ளையோடு எரிந்துபோன லாரியை, அது கடைசியாகக் கிடங்கை விட்டுக் கிளம்பியபடியே செய்து தரச் சொல்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான் கட்டிய செட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் சைக்கிள் சங்கிலியைக் கடித்துத் துண்டாக்கினார். ஓய்வு பெற்ற பிறகு பதினொரு வைக்கோல் லாரி செய்துவிட்டேன். ஒன்றைப் பார்க்க வந்த பசு இரண்டு நாள் மேசையை விட்டு நகரவில்லை.

இருபத்து நான்கு அடி லாரி என் மேசையில் சரியாக ஓர் அடி. பக்கப் பலகை இல்லாத தட்டை லாரி, அதனால் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது கயிறு மட்டும்தான். இருக்கைக்குச் சிவப்பு ரெக்சின் கிடைக்கவில்லை. செயற்கை ஈறு செய்யும் ரோஸ் அக்ரிலிக்கில் வார்த்துவிட்டேன். ஈறின் மேல் உட்கார்ந்து ஓட்டும் லாரி உலகத்தில் இது ஒன்றுதான்.

பாரம் எப்படி இருந்தது என்று எழுது. அன்றைக்கு நீ விடுப்பில் இருந்தாய், தெரியும். யாரையாவது விசாரித்து எழுது.

உன் அருமை பெருமை வாய்ந்த மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

பசுவை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஆறு வரிசை. கேபினுக்கு மேல் மட்டும் ஏழாவதாக அரை வரிசை. தார்ப்பாய் சாம்பல் நிறம், பழையது. பின்பக்கம் இரண்டு முழம் எட்டவில்லை. காலையில் தூறல் இருந்தது. பின்னால் இடது மூலைக் கயிறு மட்டும் நீலம். அந்த முடிச்சை அவர் அவிழ்த்து இரண்டாவது தடவை கட்டினார். இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டுத் துணி சொருகியிருந்தது.

ரோஸ் இருக்கை அப்படியே இருக்கட்டும். அவர் சிரித்திருப்பார்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருமகள்


மார்ச் 20

தூறலையும் முடிச்சையும் அளந்து அனுப்பும் துல்லிய ராணிக்கு,

நூற்று முப்பத்தெட்டுக் கட்டுகள்! ஒவ்வொன்றும் என் கட்டைவிரலில் பாதி. உன் வைக்கோலைக் கத்தரித்து, அழுத்தி, நூல் சுற்றி, அடுக்கி முடிப்பதற்குள் இரண்டு அரசாங்கங்கள் கவிழ்ந்திருக்கும். நீலக் கயிற்றுக்காக உன் மாமியின் பெட்டியைத் திறந்தேன்.

"என் தையல் பெட்டியில கை வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"இது சரித்திரத்துக்காக."

"சரித்திரத்துக்கு நூல் வேணும்னா கடையில போய் வாங்கிக்கச் சொல்லுங்க."

ஒரு விசேஷம். பாரம் ஏற்றிய மறுநாளிலிருந்து வைக்கோல் கதகதவென்று இருக்கிறது. முட்டை பொரிக்கலாம். தீயணைப்பு நிலையத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து குளிர் காய்ந்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். உங்கள் கிடங்கு வைக்கோல் என்ன ஜாதி என்று கேட்டு எழுது. அடுப்பை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்.

வெதுவெதுப்பான ஆசிகளுடன்,
மாமா


மார்ச் 27

மாமா,

இதில் மட்டும் விளையாட வேண்டாம். உங்கள் மேசை ஜன்னலோரம் இருக்கிறது, வெயில் படும். அல்லது விளக்குச் சூடாக இருக்கும்.

சந்தேகம் இருந்தால் நாங்கள் செய்வதைச் செய்யுங்கள். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள்ளேயே வெந்து, கடைசியில் தானாகப் பற்றிக்கொள்ளும். வெளியே தொட்டால் தெரியாது. அதனால் ஒவ்வொரு லாரியிலும் நடுப் பாரத்தில் நீளக் கம்பியை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பிடிப்போம். கையில் பிடிக்க முடியாவிட்டால் லாரி வெளியே போகக் கூடாது. அதைப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் லாரிக்கு ஊசி போதும்.

ஒன்றும் இருக்காது. இருக்காது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 3

மருமகளுக்கு,

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். மெழுகு செதுக்கும் ஊசியை மூன்றாம் வரிசை நடுவில் இறக்கினேன். நூறு எண்ணி உருவினேன். பிடிக்க முடியவில்லை. வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். அறையில் சர்க்கரை தீய்ந்த வாசனை. மறுநாளும் அப்படியே. நேற்றும் அப்படியே.

மேசை சுடவில்லை. லாரியின் பெயிண்ட் இளகவில்லை. வைக்கோல் மட்டும்தான்.

அந்த முடிச்சை இரண்டாவது தடவை கட்டினார் என்று எழுதியிருந்தாய். அது விசாரித்துத் தெரிகிற விஷயம் இல்லை. நீ பார்த்திருக்கிறாய்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சிகரெட்டால்தான் லாரி எரிந்தது என்று முதலில் சொன்னது நான். டீக்கடையில். "அவன் வைக்கோல் மேலயே தீக்குச்சி உரசுவான்" என்றேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். கேட்டார்களே என்று இன்னும் இரண்டு இடத்தில் சொன்னேன். விசாரணைக்கு வந்த ஆள் அதைத்தான் எழுதிக்கொண்டு போனார்.

மாமா


ஏப்ரல் 8

மாமா,

உங்கள் கடிதத்தில் ஒரு சக்கரவர்த்திகூட இல்லை, ஒரு பசுகூட இல்லை. அதனால் நம்பினேன். அதனால்தான் பயந்தும் போனேன்.

அன்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன், ஆனாலும் வேலைக்குப் போனேன். கம்பி இறக்க வேண்டுமென்றால் கேபினைத் தாண்டிப் போக வேண்டும். ஒன்பது நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை. எதற்கு என்றுகூட இப்போது நினைவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், ஆபீஸ் ஜன்னலிலிருந்தே அவர் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி இறக்காமலே பாஸில் 'ஈரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினேன். "போயிட்டு வரேன்" என்றார். நான் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏற்றியவர்கள் வெளியூர் ஆட்கள், சாயங்காலமே போய்விட்டார்கள். பாஸின் நகலை நான் கிழித்தேன். ஊர் சிகரெட் என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, மாமா. அவர் சிகரெட்டை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவரைப் பெற்ற அத்தை இன்றைக்கும் தெருவில் குனிந்துதான் நடக்கிறார். பிள்ளையின் திமிரால் போன லாரி என்று காதுபடப் பேசுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். லாரியை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போகிறேன்.

மருமகள்


ஏப்ரல் 16

மாமா,

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் சூடு தாங்காமல் துணியை நான்காக மடித்து அடியில் கொடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரி, "அழகா இருக்கே, யாருக்கு?" என்றாள். "வீட்டுக்காரருக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளங்கையைப் பாரத்தின் மேல் வைத்தார்.

"சில்லுன்னுதான இருக்கு?"

நானும் வைத்தேன். சில்லென்று இருந்தது.

"இத வச்சிட்டுப் போ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத," என்றார். திட்டவில்லை. நான் செருப்பு மாட்டும்போது, "அப்ப சிகரெட்டுன்னு கட்டிவிட்டது யாரு?" என்றார்.

நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. உங்கள் விரல் எப்படி இருக்கிறது?

மருமகள்


ஏப்ரல் 27

மருமகளுக்கு,

விரல் ஆறவில்லை. லாரிதான் போயிற்று, சூடு போகவில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால், விரல் பட்ட இடத்தில் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. மாமிக்குக் காட்டவில்லை.

நேற்றுப் பகல் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: 'அந்தக் கதை நான் கட்டியது.' அவ்வளவுதான். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

லாரியை அலமாரியில் வைத்து, தூசி படாமல் மேலே ஒரு கைக்குட்டை போட்டிருந்தார். "வாங்க" என்று சொல்லி என் முகத்தையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"நேர்ல பாத்த ஒருத்தர் சொன்னாருங்க. பத்திக்கிட்டதும் உங்க பிள்ள குதிச்சிருக்கலாம். குதிக்கல. வீடுங்க பக்கம் போயிடக் கூடாதுன்னு வெட்டவெளிக்கு வண்டியத் திருப்பிட்டான்."

அப்படி ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. விரலில் இருந்த சூடு உள்ளங்கைக்கு வந்தது.

அவர் அழுதார். "எத்தன வீடுங்க?" என்றார். நாற்பது என்றேன். மணிக்கட்டு. "குழந்தைங்க இருந்துச்சா?" பள்ளிக்கூடமே இருந்தது என்றேன். முழங்கை. என் வாயை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இனி நிறுத்தலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அவர் இன்னொன்று கேட்டார். நான் கிளம்பும்போது, மூன்று வருடத்தில் முதல் முறையாக, தெருமுனை வரை நிமிர்ந்து நடந்து வந்து வழியனுப்பினார்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை தெருவில் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறாராம். நான் முதலிலிருந்து ஒருமுறை சொல்ல வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தோள் வரை வந்துவிட்டது. இதில் ஓர் அங்குலம்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

உன்னை வராதே என்று சொல்லியிருக்கிறார், தெரியும். எனக்காக வா. நான் பேச ஆரம்பித்ததும் நிறுத்து. அதட்டு, அவமானப்படுத்து, என்ன வேண்டுமானாலும் செய். என் வலப்பக்கம் மட்டும் உட்காராதே.

மாமா