நிலைக்காத மொழியில் நீ எழுதியது

என் சாமி செல்வராசு,

ஐந்து வருடமாக எழுத நினைத்து எழுதாமல் விட்ட கடிதம் இது. நீ அவ்வளவு நம்பிய அந்தப் புது கம்ப்யூட்டர் மொழி போய்விட்டதடா. நீ படித்த சேலம் கம்ப்யூட்டர் சென்டரின் போர்டில் இப்போது அதன் பெயர் இல்லை. வேறொன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். இனி அதுதான் உலகத்தையே ஆளப்போகிறதாம். உன்னிடமும் இதைத்தானே சொன்னார்கள்?

நான் சொன்னதுதான் நடந்தது. சொல்லிக்காட்டத்தான் நீ இல்லை.

எடப்பாடியில் நம் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான். மில்லில் கோபால் என்ற மொழியில் புரோகிராம் எழுதுகிறேன் என்றதும், கோபால் என் மேலதிகாரி என்று நினைத்து, "அந்தாளு நல்ல மனுசனா கண்ணு?" என்று அம்மா கேட்டாள். நீ உருண்டு உருண்டு சிரித்தாய்.

பிறகு நீயும் படிக்கப் போனாய். கோபாலுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் ஆயுசு என்று சென்டர்காரர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. உன் புது மொழி நிலைக்குமா என்ற என் சந்தேகத்தில் அறிவு எவ்வளவு, பொறாமை எவ்வளவு? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் உட்கார்ந்து எங்கள் மில்லின் நூல் இருப்புக்கு ஒரு புரோகிராம் எழுதினாய். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நாலு வருடம் கழித்து இந்த மொழி தெரிந்த ஆட்களே கிடைக்கமாட்டார்கள் என்றேன். பொய்யில்லை. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் உனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனக்கா, மொழி நிக்காதுன்னு சொன்னயாமா. செரி. நான் எழுதுனதப் பாத்தயா?"

பார்க்கவில்லை. நீ எழுதியதை ஏற்றிக் கொடுத்த ஃப்ளாப்பி என் மேசை டிராயரில் கிடந்தது. நேரமில்லை என்றேன். போட்டு வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனாய்.

அதன்பின் பதினொரு நாள் ஒரே வீட்டில் இருந்தும் பேசவில்லை. நான் அக்கா, நானாவது பேசியிருக்கக் கூடாதா? ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டாளிகளோடு ஜேடர்பாளையத்துக்குக் காவிரியில் குளிக்கப் போனாய். சாயங்காலம் கூட்டாளிகள் மட்டும் வந்தார்கள். உன்னை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

கருமாதி முடிந்த மறுவாரம் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். சென்டர்காரர் மெஷினில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் நம்முடைய பேச்சு. "எந்த நம்பர் நூலுங்க?" என்று கேட்டது. அடித்தேன். "எத்தன மூட்டைங்க?" என்றது. வேண்டுமென்றே தப்பாக அடித்தேன். "ஒருக்கா செரி பாருங்க" என்று பொறுமையாகத் திரும்பக் கேட்டது.

மில் குடோனைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பண்ணன், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் இங்கிலீஷ் புரியாமல் தடுமாறுவதை என்றோ போகிறபோக்கில் உன்னிடம் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்து அவருக்காகவே எழுதியிருக்கிறாய். தினமும் அவரைப் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை. ஓரிடத்திலும் பிசகவில்லையடா.

முடிக்கச் சொல்லி அடித்தேன். "போய்ட்டு வாரனுங்க" என்று எழுதிவிட்டுத் திரை இருண்டது.

இந்த வருடம் குடோனுக்குப் புது புரோகிராம் எழுதினேன். கோபாலில்தான். கேள்விகளெல்லாம் உன்னுடையவை. மாரப்பண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானே அடிக்கிறார். உன் கடைசி வரியை மட்டும் என்னால் போட முடியவில்லை. விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் மில்லில் புதிதாகச் சேர்ந்த பெண் இன்னொரு மொழியில் தான் எழுதியதைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அது நிலைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஓட்டிக் காமி சாமி" என்றேன். இனி யார் எதைக் கொண்டுவந்தாலும், அவர்கள் கை செய்ததை முழுக்கப் பார்க்காமல் நான் வாய் திறக்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தும் நேரம் ஒதுக்காத அக்கா,
சரசு