ஒன்பதாவது குண்டு

மார்ச் 3, செவ்வாய்

நிரந்தரப் பணிக்கான படிவத்தை இன்று நிரப்பினேன். தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. எல்லாக் கட்டங்களும் சுலபம். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. பிறகு 'வாகனத் துறை' என்று எழுதினேன். பொய் இல்லை. அப்பா அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறார், பள்ளத்தில் பட்டி பூசித் தேய்க்கிறார். டிங்கர் என்று எழுதினால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் எழுதவில்லை.

அருங்காட்சியகத்தின் புதிய கூடத்தை இருபத்தொன்றாம் தேதி திறக்கிறார்கள். நடுவில் டாங்கி. சுவரோரம் நீள மேசையில் அதன் பீரங்கிக் குண்டுகள் ஒன்பது, மரக்குழிகளில் நிமிர்ந்து நிற்கின்றன. எல்லாம் ஒரே பச்சை, பளபளப்பு. கண்ணாடிப் பெட்டி கிடையாது, பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கான மேசை. அதற்கான வாசகம் நான் எழுதியது:

"ஒரு குண்டைத் தூக்கிப் பாருங்கள். டாங்கிக்குள் இதை நிமிடத்துக்குப் பத்து முறை தூக்கியவன் உங்கள் அண்ணன் வயதுக்காரன்."

மேடம் படித்துவிட்டு, "இது நல்லாருக்கே" என்றார். அருங்காட்சியகத்தின் தலைமை அவர். எட்டு மாதத்தில் என்னிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

பொருள் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ராணுவம் அனுப்பிய சான்றிதழ் ஒட்டியிருக்கிறது: "பயிற்சிக் குண்டுகள் எட்டு. வெடிமருந்து நீக்கி, எடை மாறாதிருக்க உள்ளே பிளாஸ்டர் நிரப்பப்பட்டது. அடையாளமாக ஒவ்வொன்றின் பக்கத்திலும் துளையிடப்பட்டது."

எட்டு.

மேசையில் ஒன்பது இருக்கின்றன. கீழே போய் மறுபடி எண்ணினேன். ஒன்பது. துளை ஒன்றில்கூட இல்லை.

குமாஸ்தா யாராவது தப்பாக எழுதியிருப்பார். அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

அப்படித்தான் இருக்கும் என்று நேற்று எழுதியதை இன்று நாலு தடவை படித்தேன்.

மார்ச் 9, திங்கள்

பெயிண்டர் அண்ணனிடம் கேட்டேன். இங்கே என்னோடு வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள் அவர்தான். வாசக அட்டை எழுதுவதால் என்னை 'லேபிளம்மா' என்பார். டாங்கியின் சக்கரத்துக்குக் கீழே படுத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"துளையா? ஆமா, இருந்துச்சே. கட்டைவிரல் போற அளவுக்கு. அசிங்கமா இருந்துச்சும்மா. மேடம் அடைக்கச் சொன்னாங்க. பட்டி வெச்சு, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சேன். எங்க துளை இருந்துச்சுன்னு இப்ப நீயே கண்டுபிடி பார்ப்போம்!"

"எல்லாத்துலயும் துளை இருந்துச்சாண்ணா?"

சக்கரத்துக்குக் கீழிருந்து தலையை நீட்டினார்.

"எட்டுல இருந்துச்சு. இன்னொண்ணு இந்த டாங்க்குக்குள்ளயே கிடந்தது. வெட்டவெளியில மழையில வருஷக்கணக்கா நின்ன வண்டிதானே. உள்ள சுத்தம் பண்றப்ப, குண்டு அடுக்குற தட்டுல, துருவுக்கு அடியில ஒண்ணு கிடைச்சுது. அதையும் கூட்டத்துல சேர்த்துட்டேன். எட்டைவிட ஒன்பது பார்க்க நல்லாருந்துச்சு."

"அதைப் பதிவேட்டுல..."

"நான் பெயிண்டரும்மா. பதிவெல்லாம் உங்க வேலை." சிரித்தார். பிறகு நினைவு வந்தவர்போல, "அதுல மட்டும் மூக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு வளையம் லேசாத் தெரிஞ்சுது. வைஸ் இடுக்கியில கட்டி நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டேன்" என்றார்.

வைஸில் கட்டி. தேய்த்து.

நூலகத்தில் அந்தக் காலத்து ராணுவக் கையேட்டை எடுத்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம். மஞ்சள் வளையம் என்றால் உள்ளே வெடிமருந்து இருக்கிறது என்று பொருள்.

நான் படித்தது கோட்டை முற்றுகைகள். எரியும் எண்ணெயும் யானையும் ஏணியும். எல்லாம் முடிந்துபோன சண்டைகள். அதனால்தானே பிடித்தது?

மார்ச் 10, செவ்வாய்

மேடத்தின் அறைக்குள் போகுமுன் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். உள்ளே போனதும் காகிதம் கையில் கசங்கியது. பாதிதான் சொல்ல வந்தது.

"மஞ்சள் வளையத்தை நீ பார்த்தியா?"

"இல்ல மேடம். அண்ணன் சொன்னார்."

"அந்த ஆள் அதைத் தட்டியிருக்கான், தேய்ச்சிருக்கான், வைஸ்ல இறுக்கியிருக்கான். வெடிச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? ராணுவத்துக்குப் போன் பண்ணினா மொத்தக் கட்டடத்தையும் மூடுவாங்க. ஒன்பதையும் அள்ளிட்டுப் போவாங்க. பதினோரு வருஷம் நாயா அலைஞ்சு இந்தக் கூடத்தை வாங்கியிருக்கேன். யாரோ சொன்னான்னு மூடச் சொல்றியா? ஆதாரம் கொண்டு வா."

அவர் கத்தவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஒரு பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். தூக்கிப் பார்க்க. நான்தான் எழுதினேன், தூக்கிப் பாருங்கள் என்று.

மார்ச் 11, புதன்

எடை போட்டு என்ன பயன்? பிளாஸ்டர் நிரப்பியதும் மருந்து நிரப்பியதும் ஒரே எடை. சுரண்டிப் பார்க்கலாமா? எதைச் சுரண்டுவது? நல்லதைச் சுரண்டினால் பட்டி வரும். கெட்டதைச் சுரண்டினால்?

சாயங்காலம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். பழைய கார் வாங்க வந்த ஒருவருக்கு அப்பா வண்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு சின்னக் காந்தம், கீறல் விழாமல் இருக்கத் துணி சுற்றியது. கதவின்மேல் மெல்ல நகர்த்தினார். பிடித்தபடியே போன காந்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது.

"இங்க அடி வாங்கியிருக்கு சார். பிடிச்சா தகரம், விழுந்தா பட்டி. பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீங்க."

இதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அந்தக் காந்தத்தை வைத்துத்தான் விளையாடுவேன்.

"அப்பா, அதை நாளைக்கு ஒரு நாள் குடுங்க."

"எதுக்கு? உங்க ஆபீஸ்ல கார் வாங்குறாங்களா?"

"இல்லப்பா. ஒரு பொருளைப் பார்க்கணும்."

"துணியை அவுத்துடாத. அழுத்தாத. தானா போற வழியில விடு."

மார்ச் 12, வியாழன்

காலை எட்டரைக்கே போய்விட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

எதையும் தூக்கவில்லை. நிமிர்ந்து நிற்பதால் சுற்றிலும் காந்தத்தை விட முடிந்தது. முதல் குண்டு: பிடித்துக்கொண்டே வந்து, தோள்பட்டை மாதிரி இருக்கும் இடத்துக்குக் கீழே நழுவியது. இரண்டாவது: அதே உயரத்தில் நழுவியது. மூன்று, நான்கு, அப்படியே.

இடமிருந்து ஐந்தாவதில் நழுவவில்லை. சுற்றி வந்தேன். மறுபடி சுற்றினேன். ஒரு விரல் மேலே, ஒரு விரல் கீழே. எங்கேயும் விடவில்லை. முழு இரும்பு. காந்தத்தைப் பிரித்து எடுக்க விரலில் லேசாக ஒரு இழுப்பு வேண்டியிருந்தது. அந்த இழுப்புக்கே எனக்கு மூச்சு நின்றது.

மற்ற நான்கிலும் நழுவியது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

மேடத்திடம் இந்த முறை காகிதம் இல்லாமல் சொன்னேன். முழுதும் சொன்னேன்.

"காந்தமா? பொம்மைக் காந்தத்தை வெச்சுக் கூடத்தை மூடச் சொல்றே?" மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். "சரி. உனக்குப் பயமா இருந்தா அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுவோம். காலையில பசங்க வர்றதுக்கு முன்னால பெயிண்டர் அதைத் தூக்கி ஸ்டோர்ல வெச்சிடுவார். திறப்பு முடியட்டும், அப்புறம் ராணுவத்துக்கு எழுதலாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்? அவர் ஒரு படி இறங்கி வந்தார், நானும் இறங்கினேன். பேருந்தில்தான் உறைத்தது. ஸ்டோர் கீழே இருக்கிறது. இருபத்திரண்டு படி. அண்ணனுக்கு மூட்டுவலி.

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

பேருந்து தாமதம். நான் போகும்போது ஒன்பது ஐம்பது. பள்ளிப் பேருந்து வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் இரண்டு வரிசையாக நடைபாதையில். காவலாளி மாற்றுச் சாவியால் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார். உள்ளே அண்ணன் ஐந்தாவதன் முன் குனிந்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து —

"தொடாதீங்கண்ணா!"

அது என் குரல்தானா? கூடம் முழுக்க எதிரொலித்தது. அண்ணன் அப்படியே உறைந்தார்.

"கையை எடுங்க. மெதுவா. வெளிய வாங்க."

"என்ன லேபிளம்மா..."

"வாங்கண்ணா. உங்க கால்ல விழறேன், வாங்க."

வந்தார். கதவைப் பூட்டினேன். காவலாளியிடமிருந்த சாவியையும் பிடுங்கிக்கொண்டேன், பிடுங்கித்தான். பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முன்வரிசையில் பல் விழுந்த ஒருத்தி, "அக்கா ஏன் அழறாங்க?" என்றாள். அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேடம் வந்தார். "சாவியைக் குடு."

"தர மாட்டேன் மேடம்."

"நீ தகுதிகாண் காலத்துல இருக்கே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உள்ள உயிரோட ஒரு குண்டு இருக்கு மேடம். அண்ணனும் அதைத் தூக்கக் கூடாது. யாருமே தூக்கக் கூடாது."

ஆசிரியைக்குக் கேட்டுவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த அம்மா. நாற்பது பேரையும் திருப்பி, கையைக் கோக்கச் சொல்லி, பேருந்து வரை நடத்திக்கொண்டு போனார். ஓடவிடவில்லை.

நடைபாதை காலியானது. மேடம் சாவிக்காக நீட்டிய கையை இறக்கினார். பிறகு கைப்பேசியை எடுத்து அவரே ராணுவத்துக்குப் பேசினார். எண் அவரிடம் ஏற்கனவே இருந்தது.

மார்ச் 14, சனி

வெடிகுண்டு அகற்றும் பிரிவிலிருந்து நாலு பேர். ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். நாங்கள் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றோம். அண்ணன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்து சொன்னார்: "இடமிருந்து அஞ்சாவது. மருந்து முழுசா இருக்கு. மூக்குல வெடிக்கவைக்கிற பாகமும் இருக்கு. பழசாக ஆக இதுக்குக் கோபம் ஜாஸ்தியாகும். படியில நழுவியிருந்தா..."

மணல் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

திறப்பு விழா தள்ளிப்போயிற்று. விசாரணை. அதற்கு மேடம் எழுதிய அறிக்கையின் வரைவைத் தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்தார்கள். "பெயிண்டரின் கவனக்குறைவால்" என்று ஆரம்பிக்கிறது.

தட்டச்சு செய்யவில்லை. கோப்பில் தேடி, இரண்டு வருடத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பை எடுத்தேன். "துளைகளை அடைத்து எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே நிறம் பூசவும்." கீழே அவர் கையெழுத்து. வரைவின்மேல் அதை வைத்து அவர் மேசையில் கொண்டு வைத்தேன். கூடவே நான் எழுதிய ஒரு தாள்: ஒன்பது என்று எண்ணி, பதிவேட்டைப் பார்க்காமல் வாசகம் எழுதியது நான்.

என்ன நடக்கும் என்று தெரியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாம் "என் பொண்ணு ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 18, புதன்

வரைவு திரும்ப வந்தது. முதல் வரி அடிக்கப்பட்டிருக்கிறது. மேலே மேடத்தின் கையெழுத்தில்: "என் உத்தரவின்பேரில்."

மார்ச் 31, செவ்வாய்

தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. காரணம்: "மேலதிகாரியின் உத்தரவை மீறியது." அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை போகவில்லை. மேடத்துக்கும் ஒரு கடிதம் வந்ததாகக் காவலாளி சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "ஆறு மாசம்தானே, போகுது போ. கை கால் முழுசா வந்தியே" என்றாள். அப்புறம் சமையலறையில் தனியாக அழுதாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆரவாரம் இல்லாமல் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். மேசையில் எட்டுக் குண்டுகள். பட்டியை அண்ணனே சுரண்டி எடுத்துவிட்டார், எட்டிலும் துளை தெரிகிறது. பிள்ளைகள் அதில் விரலை விட்டுப் பார்க்கிறார்கள். ஐந்தாவது மரக்குழி காலியாகவே இருக்கிறது.

இன்று அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா குண்டுகளை அதிகம் பார்க்கவில்லை. டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலப்பக்கம் நின்றார், குனிந்து பெயிண்டின்மேல் சாய்வாகப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்தார்.

"அப்பா, தொடக் கூடாது..."

காந்தம் இரும்பில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. திடீரென்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. சுற்றிலும் வைத்துப் பார்த்தார். ஒரு தேங்காய் அளவு வட்டம்.

"இங்க பெரிய அடி வாங்கியிருக்கு பாப்பா. ஓட்டையே விழுந்திருக்கு. யாரோ அடைச்சு மூடியிருக்காங்க."

பெயிண்டர் அண்ணன் ஓடிவந்தார். "சத்தியமா நான் இல்ல! நான் வர்றதுக்கு முன்னாலயே இப்படித்தான்."

உள்ளே அந்த இடத்துக்கு நேராக என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குண்டு தூக்கிப் போடுகிறவனின் இருக்கை, என் வாசகத்தில் வரும் அந்த அண்ணன் வயதுக்காரனின் இடம். எத்தனை முறை வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். பின்னால் மேடம் நின்றதைக் கவனிக்கவில்லை.

"யாரு இவர்?"

"எங்கப்பா மேடம். டிங்கர்."

மேடம் அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "இதைத் திறக்கணும்னு எழுதிக் குடு. நாளைக்கே கையெழுத்துப் போடறேன்." பிறகு அப்பாவிடம், "நீங்க வந்து பக்கத்துல இருக்க முடியுமா? எங்க பெயிண்டருக்கு மூடத்தான் தெரியும்" என்றார்.

"வர்றேங்க" என்றார் அப்பா. "முன்னாடியே சொல்லிடறேன், சுரண்டினா பார்க்க நல்லாருக்காது."