அம்மா தேய்க்கும் கை

அன்புள்ள அக்காவுக்கு, பொடிசு எழுதுவது.

நீயும் மாமாவும் சுகம்தானே? போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

என் சலூனில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. முன்பெல்லாம் பச்சை குத்திய என் கையையும் கழுத்தையும் பார்த்துவிட்டு எழுந்துபோன பெண்கள், இப்போது முடி வெட்ட உட்கார்ந்துகொண்டு, தோளில் என்ன பூ பச்சை குத்தலாம் என்று என்னிடமே யோசனை கேட்கிறார்கள். கல்யாணப் பெண்கள்கூட. அம்மாவே போன வருடம், “கழுத்துல அந்தக் கொடி உனக்கு நல்லாத்தான்டி இருக்கு” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் அவளோடு மல்லுக்கட்டினேன், உனக்குத் தெரியும். மறதி வந்து அதையும் கொண்டுபோய்விட்டது.

இப்போது நான் யாரென்றே தெரியவில்லை. குளிப்பாட்ட உட்கார வைத்தால் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். “எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ? இவ்வளவு அழுக்கோட திரியிறியே, பெத்தவ பார்க்க மாட்டாளா?” என்று கேட்கிறாள். தோளிலிருந்து விரல் வரை குத்தியிருக்கிறது, எங்கே போகும்? நேற்று தோல் உரிந்துவிட்டது. எனக்கு எரிச்சலைவிட அழுகைதான் வந்தது.

நீ சொன்னபடி முழுக்கைச் சட்டையும் போட்டுப் பார்த்தேன். ஊட்டும்போது விரல் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. பச்சையை அழிக்கிற டாக்டரிடமும் போனேன். இவ்வளவையும் எடுக்க வருடக்கணக்காகும் என்றார். அம்மா அதுவரை இருப்பாளா என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

சாயங்காலமானால் வாசலுக்குப் போய்விடுகிறாள். “என் பொடிசை இன்னும் காணோம், கடையை மூடியிருப்பாளே” என்று என்னிடமே கவலைப்படுகிறாள். நான்தான் அது என்றால் பயந்து அழுகிறாள். அதனால் வந்துவிடுவாள் என்று சொல்லி, நானும் கூடவே நின்று தெருவைப் பார்க்கிறேன். உன்னைக் கேட்பதே இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

அக்கா, லீவு இல்லை என்று சொல்லாமல் ஒரு வாரமாவது வா. நமக்கு ஒரே முகஜாடை. உன் கையிலும் ஒன்றும் இல்லை. உன்னைப் பார்த்து, “பொடிசு, வந்துட்டியா?” என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு. ஒரு வாய் ஊட்டு. நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

எதிர்பார்க்கும்,
உன் தங்கை